கடல் கடந்து வந்த குழல்



குமரி மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் எங்கள் அருமனை. கிறிஸ்துமஸ் காலத்திலும், தேவாலயத் திருவிழாக்களிலும், திருமண ஊர்வலங்களிலும் எங்கள் தெருக்களில் பேண்டு வாத்தியம் முழங்கும். பொன்னிறப் பட்டை தைத்த சட்டை அணிந்தவர்கள் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஊதிக்கொண்டு முன்னே செல்வர். அவர்களுள் ஒருவர், யானையின் துதிக்கைபோல வளைந்து வாய் மேல்நோக்கித் திரும்பிய பித்தளைக் குழல் ஒன்றைக் கழுத்துப் பட்டையில் தாங்கி வருவார். அக்குழலின் பெயர் சாக்ஸபோன். அது யாருடைய கருவி? ஐரோப்பியருடையதா, அமெரிக்கருடையதா, நம்முடையதா? இந்த வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒரு கலைஞரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர்தாம் கத்ரி கோபால்நாத்.

அவருடைய வரலாற்றைச் சொல்லுமுன் அக்கருவியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

பெல்ஜியம் நாட்டில் தினான் என்னும் ஊரில் 1814ஆம் ஆண்டு பிறந்தவர் அடால்ஃப் சாக்ஸ். இவருடைய தந்தையார் இசைக்கருவிகள் செய்பவர். பித்தளைக் கருவிகளுக்கு முழக்கம் உண்டு, நெகிழ்ச்சி குறைவு. மரக் கருவிகளுக்கு நெகிழ்ச்சி உண்டு, முழக்கம் குறைவு. இவ்விரு குணங்களும் ஒன்றாய்க் கூடிய கருவி ஒன்றைச் செய்ய இயலாதா என்று இளைஞர் சாக்ஸ் எண்ணினார். அந்த எண்ணத்தின் பயனே சாக்ஸபோன். 1846ஆம் ஆண்டு பாரிசில் அதற்கு உரிமம் பெற்றார். பிற கருவி செய்வோர் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். வழக்குகளும் கடனும் அவர் வாழ்வை அலைக்கழித்தன. தாம் படைத்த குழல் உலகை ஆளப்போவதைக் காணாமலேயே 1894ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

இக்குழலின் உடல் பித்தளையால் ஆனது. ஆயினும் இதனை மரக்குழல் இனத்திலேயே சேர்ப்பர். ஏனெனில் இதன் ஒலி பிறப்பது பித்தளையில் அன்று. வாயில் வைத்து ஊதும் முனையில் கட்டப்பட்ட ஒரு நாணற் சீவாளியில். நம் நாகசுரத்திலும் சீவாளிதான் ஒலியை எழுப்புகிறது. நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு உடையது. சாக்ஸபோனுக்கோ ஒற்றை நாக்கு. இரண்டும் அடிப்பக்கம் விரிந்து செல்லும் குழல்கள். ஆகவே தஞ்சை மண்ணின் நாகசுரத்துக்கும் பாரிசில் பிறந்த இக்குழலுக்கும் ஒருவகை உறவு முன்னரே இருந்தது எனலாம். அந்த உறவைக் கண்டுகொள்ள ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் படைப்பிரிவுகளின் பேண்டுகளில் தங்கியிருந்த சாக்ஸபோனுக்குப் பெருவாழ்வு தந்தது அமெரிக்கா. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கருப்பின மக்களின் வழியினர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்தெடுத்த இசை ஜாஸ். ஓர் அறிந்த மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் சுரக்கூட்டுகளின் வரிசையை அடித்தளமாக வைத்து, அவ்விடத்திலேயே புதிது புதிதாய்க் கற்பனை செய்து வாசிப்பது இதன் உயிர். நம் வித்துவான்கள் ராகத்தின் எல்லைக்குள்ளும் தாளத்தின் கட்டுக்குள்ளும் கற்பனைச் சுரம் பொழிவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வழிகள் வேறாயினும், மனோதர்மம் என்று நாம் போற்றும் பண்பே அங்கும் போற்றப்படுகிறது.

அத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் சார்லி பார்க்கர். 1920ஆம் ஆண்டு கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். அவர் பதினாறு வயதை எட்டும் காலத்தில் ஓர் இரவு, மூத்த கலைஞர்களுடன் மேடையேறினார். வாசிப்பு நடுவில் வழிதவறியது. தாளக்கருவி வாசித்த ஜோ ஜோன்ஸ் தம் பித்தளைத் தாளத்தட்டைக் கழற்றித் தரையில் எறிந்தார்; அவையோர் நகைத்தனர். சிறுவர் பார்க்கர் தலைகுனிந்து வெளியேறினார். அடுத்த ஆண்டுக் கோடையில் மலைப்பகுதி ஒன்றுக்குச் சென்று, மூத்தோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார். நாளொன்றுக்கு 11 முதல் 15 மணி நேரம் வரை, மூன்று நான்கு ஆண்டுகள் பயின்றதாகப் பின்னாளில் அவரே கூறினார். சில ஆண்டுகளில் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். ஆனால் போதைப் பழக்கம் அவரை அரித்துத் தின்றது. 1955ஆம் ஆண்டு 34ஆம் வயதில் மாண்டார். அவருடைய உழைப்பை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் வந்த ஜான் கோல்ட்ரேன் என்பவரும் அதே படுகுழியில் விழுந்தவர்தாம். 1957ஆம் ஆண்டு மனவுறுதியோடு மீண்டு எழுந்தார். இறைவனுக்கு நன்றிக் காணிக்கையாக அவர் அமைத்த இசைத்தொகுதி 1965ஆம் ஆண்டு வெளியாயிற்று. இவருக்கு நம் நாட்டு இசையின்மேல் மிகுந்த ஈடுபாடு உண்டு. ‘இந்தியா’ என்றே ஓர் இசையமைப்புக்குப் பெயரிட்டார். சிதார் மேதை ரவிசங்கரிடம் கொண்ட மதிப்பினால் தம் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். 1967ஆம் ஆண்டு, 40ஆம் வயதில் அவர் மறைந்தார். மேற்கின் சாக்ஸபோன் இவ்வாறு கிழக்கை நோக்கித் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மங்களூர்ப் பக்கத்தில் ஒரு சிறுவன் மேற்கின் குழலைக் கையில் எடுத்திருந்தான்.

தென் கன்னட மாவட்டத்தில், பண்ட்வால் வட்டத்தைச் சேர்ந்த சஜிபமூடா என்னும் சிற்றூரில், 1949ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் பிறந்தவர் கோபால்நாத். தந்தையார் தனியப்பா நாகசுர வித்துவான். ஆகவே மகனும் தந்தையிடம் நாகசுரமே முதலில் பயின்றார். கோயிலும் திருவிழாவும் தவிலும் நாகசுரமுமாய் அவருடைய வாழ்வு அமைந்திருக்க வேண்டும். ஆனால் இளமையில் ஒருமுறை மைசூர் அரண்மனையின் பேண்டு வாசித்ததை அவர் கேட்க நேர்ந்தது. அக்குழுவில் ஒலித்த சாக்ஸபோன் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. இனி இதுவே என் கருவி என்று உறுதிகொண்டார்.

இந்த உறுதியின் அருமையை நீங்கள் உணர வேண்டுமானால், அவர் முன் நின்ற தடை யாது என்பதை அறிய வேண்டும். கர்நாடக இசையின் உயிர் கமகம். ஒரு சுரத்தைத் தொட்டவுடன் அதனை அசைத்தும், அடுத்த சுரத்தை நோக்கி இழைத்தும், நழுவியும் செல்வதே ராகத்துக்கு உருவம் தருகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேர்க்கோடுபோல் நிறுத்திப் பாருங்கள். அங்கே தோடி இராது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் நாகசுரத்தில் அந்தத் தோடியை மணிக்கணக்கில் வாசித்துப் பெயர் பெற்றவர். நாகசுரக்காரர் விரலால் துளையை நேரே மூடுகிறார். பாதி மூடலாம், கால்பங்கு திறக்கலாம். உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் சுரத்தை வளைக்கலாம். சாக்ஸபோனிலோ விரல் துளையைத் தொடுவதே இல்லை. விரல் ஒரு விசையை அழுத்த, அவ்விசை மூடியை இயக்க, அம்மூடி துளையை அடைக்கும். துளை திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். படிக்கட்டில் ஏறுவதற்கென்று செய்த காலணியை அணிந்துகொண்டு ஒருவர் நீந்தக் கற்பது போன்ற முயற்சி இது.

இவ்வாறு சுரங்களைத் தனித்தனியே நிறுத்தும் கருவிகளை நம்மவர் ஐயத்தோடு நோக்கியது இயல்பே. ஆர்மோனியத்தால் கமகம் பேச இயலாது என்ற வாதத்தால் 1940ஆம் ஆண்டு முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்திருந்தது என்பது வானொலி நேயர்கள் அறிய வேண்டிய செய்தி.

எனினும் அந்நியக் கருவி ஒன்று நம்முடையதாவது புதிதன்று. பிடிலை எண்ணிப் பாருங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரின் வாத்தியத்தைக் கேட்டுப் பிடில் பயின்றார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு திருவனந்தபுரம் அரசவையில் பிடில் வாசித்தார். மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டு அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அருமனை உட்பட எங்கள் பகுதி முழுவதும் அந்நாளில் அவருடைய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இன்று பிடில் இல்லாத கச்சேரியை நீங்கள் காண்பது அரிது. அதனை ஐரோப்பியக் கருவி என்று எவரேனும் ஒதுக்குவாரா? ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் துணிந்து முன்வந்ததனால் நேர்ந்த மாற்றம் இது.

அத்தகைய துணிவே கோபால்நாத்தையும் இயக்கியது. மங்களூரில் கலாநிகேதனைச் சேர்ந்த என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் முறையாகக் கர்நாடக இசை பயின்றார். இங்கே ஒன்றைக் கருத்தூன்றிப் பாருங்கள். அவர் கற்றது சாக்ஸபோன் வாசிக்கும் ஐரோப்பிய முறையை அன்று, வாய்ப்பாட்டின் நெறியை. பாட்டு முதலில் உள்ளத்தில் நிலைபெற வேண்டும். பிறகு அதனைக் குழலிடம் கேட்டுப் பெறவேண்டும். குழல் மறுத்த இடங்களில் உதட்டாலும் மூச்சாலும் அதனை இணங்க வைத்தார். அதுவும் போதாத இடங்களில் கருவியின் விசைகளிலும் மூடிகளிலும் தம் தேவைக்கேற்பச் சில மாற்றங்கள் செய்துகொண்டார். இக்குழல் அவர் வசப்பட ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின என்பர்.

பின்னர்ச் சென்னைக்கு வந்தார். பாட்டிலும் மிருதங்கத்திலும் வல்லவரும், செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடருமான டி. வி. கோபாலகிருஷ்ணன் அவருடைய திறமையை உணர்ந்து மேலும் பயிற்றுவித்து வளர்த்தார். சாக்ஸபோனில் கீர்த்தனையா என்று புருவம் உயர்த்தியவர்கள் மெல்ல மெல்ல அமர்ந்து கேட்கலாயினர்.

1980ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அவர் கர்நாடக இசை வாசித்தார். கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஜான் ஹாண்டி என்னும் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் அதனைக் கேட்டு வியந்து, உடன் வாசிக்க விரும்பினார். இருவரும் ஒரே மேடையில் வாசித்தனர். கருவி ஒன்று, மொழிகள் இரண்டு, ஆயினும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டனர். அப்போது கோபால்நாத்துக்கு வயது முப்பது. அதன்பின் பிராக், பெர்லின், மெக்சிகோ என்று பல நாட்டு விழாக்களிலிருந்து அழைப்புகள் வந்தன. 1994ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பி.பி.சி. நடத்தும் பிராமனேடு இசைவிழாவில் வாசித்தார். அவ்விழாவுக்கு அழைக்கப்பெற்ற முதல் கர்நாடக இசைக்கலைஞர் அவரே என்பர்.

அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அவருடைய குழல் ஒலித்தது. கே. பாலசந்தர் இயக்கி, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘டூயட்’ திரைப்படத்தின் நாயகன் ஒரு சாக்ஸபோன் கலைஞன். அப்படத்துக்காகக் கோபால்நாத் வாசித்தார். பல ராகங்களை அவர் வாசித்துக் காட்ட, இறுதியில் கல்யாண வசந்தம் இசையமைப்பாளரின் உள்ளத்துக்கு உகந்ததாயிற்று. சபாக்களுக்குச் சென்றறியாத இளைஞர்கள் பலர் அந்த ராகத்தின் பெயரை அறியாமலேயே அதனை முணுமுணுத்தனர்.

அவருடைய கச்சேரிகள் பலவற்றில் வயலின் வாசித்தவர் ஆந்திரத்தைச் சேர்ந்த ஏ. கன்னியாகுமரி. எங்கள் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய அவ்வம்மையாரின் வயலினும் கோபால்நாத்தின் குழலும் சேர்ந்தொலிப்பதை வானொலியில் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தனி மகிழ்ச்சி. எண்ணிப் பாருங்கள்: முன்னர் ஒரு நூற்றாண்டில் வந்து நம்முடையதாகிவிட்ட பிடில், பின்னர் வந்த குழலுக்குக் கைகொடுத்து மேடையேற்றுகிறது.

அவருடைய செல்வாக்கு எதிர்த்திசையிலும் பாய்ந்தது. அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வழியினரான ருத்ரேஷ் மகந்தப்பா என்னும் இளைஞர் அங்கே ஜாஸ் பயின்றுகொண்டிருந்தார். அவருடைய தமையனார் ஒருநாள் வேடிக்கையாகக் கோபால்நாத்தின் இசைத்தொகுப்பு ஒன்றைப் பரிசளித்தார். அவ்விளைஞருக்கு அது வேடிக்கையாக முடியவில்லை. ஜாஸ் சாக்ஸபோனில் தேர்ந்து பெயர் பெற்றபின் அவர் கோபால்நாத்தைத் தேடி வந்தார். இருவரும் இணைந்து வாசித்த ‘கின்ஸ்மென்’ என்னும் தொகுப்பு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. உறவினர் என்பது அதன் பொருள். பார்க்கரின் வழியில் வந்தவரும் நாகசுரக்காரரின் மகனும் ஒரே குழலால் உறவினராயினர்.

தமிழக அரசு கலைமாமணி விருதும், நடுவண் அரசு 2004ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் அளித்து அவரைச் சிறப்பித்தன. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், 69ஆம் வயதில், மங்களூரில் அவர் காலமானார்.

மாணவர்களே! இவ்வரலாற்றை நான் உங்களுக்குச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. ‘டூயட்’ படம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் இலக்கிய மன்ற விழாவுக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவன் தந்தை பேண்டு குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவர்.

“சாரே, அப்பாக்க குழல நான் விழாவுல வாசிக்கட்டா?” என்று கேட்டான்.

“அது கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும், தமிழ் விழாவுக்கு ஆகாது” என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறவாமலே எடுத்துச் சென்றான். பின்னர்ப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ரப்பர்ப் பால் வெட்டும் வேலைக்குப் போனான். வழியில் காணும்போதெல்லாம் வணக்கம் சொல்வான். அந்தக் குழலை மீண்டும் எடுத்தாயா என்று கேட்க எனக்கு இதுவரை துணிவு வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு மாலை, வானொலியில் கத்ரி கோபால்நாத்தின் கச்சேரியைக் கேட்டேன். ராக ஆலாபனை தொடங்கியதும் யாரோ நாகசுரம் வாசிக்கிறார் என்றே எண்ணினேன். கச்சேரியின் முடிவில் அறிவிப்பாளர் கருவியின் பெயரைச் சொன்னபோது, எனக்கு அந்தச் சிறுவனின் திறவாத பெட்டி நினைவுக்கு வந்தது. ஆசிரியப் பயிற்சியில் எத்தனையோ பாடங்கள் கற்றேன். மாணவன் கொண்டுவருவதை முதலில் கேட்டுவிட்டுப் பின்னர் மதிப்பிட வேண்டும் என்னும் பாடத்தை அன்றுதான் கற்றேன்.

இதிலே நீங்கள் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. தந்தையின் நாகசுரத்தை விட்டுவிட்டு வேற்றுக் குழலை எடுத்தது நம் மரபுக்கு இழப்பு அல்லவா? இவ்வினா நியாயமானதே. இன்று தென் கன்னடத்தில் கோயில் விழாக்களிலும் திருமணங்களிலும் முன்பு நாகசுரம் ஒலித்த இடங்கள் சிலவற்றில் சாக்ஸபோன் ஒலிக்கிறது. நாகசுரம் பயில முன்வரும் பிள்ளைகள் குறைந்தால் அது பெருங்குறையே. அதனைக் காக்கும் கடமை நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் நான் அன்று வானொலியில் நாகசுரம் என்று மயங்கியது எதனால்? தந்தையிடம் பெற்ற மூச்சையும் அசைவையும் மகன் கைவிடவில்லை என்பதனால் அன்றோ? சஜிபமூடாவின் நாகசுரம் அப்பித்தளைக் குழலுக்குள் குடிபுகுந்து, லண்டன் மண்டபம் வரை சென்று பேசியது.

ஒரு கருவியைச் செய்தவர் பெல்ஜியத்தவர். அதற்குப் புதுமொழி தந்தவர் அமெரிக்கக் கருப்பின மக்கள். அதனைத் தோடியும் கல்யாண வசந்தமும் பாடச் செய்தவர் கன்னட நாட்டு நாகசுரக்காரர் மகன். 20 ஆண்டுக் காலப் பயிற்சியே அவர் அக்கருவியை நம்முடையதாக்கக் கொடுத்த விலை. உங்கள் கையில் இன்று இருப்பது எந்தக் கருவியாயினும், அது எந்நாட்டு அறிவாயினும், அந்த விலையைக் கொடுக்க நீங்கள் ஆயத்தமா என்பதையே உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் பேண்டு வாத்தியம் செல்லும்போது, அந்த வளைந்த குழலை ஊதுபவரின் அருகே சற்று நேரம் நின்று கேளுங்கள். உங்கள் வகுப்பில் அவருடைய மகனோ மகளோ இருந்தால், பெட்டியைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்வீர்களாக.